தண்டு நலம், தம்பையா பழுது

இலங்கையின் ஊவா மாகாணத்தில் மனிதர்களுக்குக் காய்ச்சல் வந்தது, பேதி வந்தது, கொக்கிப்புழு வந்தது. இரும்புக்கு மட்டும் ஒரு நோயும் வரவில்லை. வர நாங்கள் விடவில்லை. அதற்கென்றே பதுளையில், கடைவீதி முடிகிற இடத்தில், இரும்பு நலச் சபை என்று ஒன்று இருந்தது. அதில் நான் நான்கு வருடம் சம்பளம் வாங்கினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

தோட்டங்களில் ஓடும் இயந்திரம், பாலம், கொழுந்து மூட்டை இறக்கும் கம்பி எல்லாவற்றையும் உடைக்காமல், அறுக்காமல், சுரண்டாமல் சோதித்து, உள்ளே வெடிப்பு இல்லை என்று முத்திரை குத்திக் கொடுப்பது சபையின் வேலை. கருவி ஒரு காந்த ஊசி. விஷயம் சுலபம். நல்ல இரும்பின் ஓரமாக அந்த ஊசியை மெல்ல நகர்த்திக்கொண்டு போனால், அது ஒரே பக்கம் பார்த்தபடி சமர்த்தாக வரும். இரும்புக்குள் வெடிப்பு இருந்தால், அந்த இடத்தில் சட்டென்று முகத்தைத் திருப்பும். ஒரு ஊசி, ஒரு கை, இரண்டு கண் போதும். ஆனால் ஒரு கையையும் இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு சபை நடத்த முடியுமா? அதனால் பதினாறு பேர் இருந்தோம்.

நான் சேர்ந்த கதையும் அதே தரம்தான். என் வாப்பா மொஹிதீன் பதுளைக் கடைத்தெருவில் துணியோடு கிப்லாப் பெட்டியும் விற்றார். தொழுகைக்குத் திசை காட்டும் சின்னக் காந்தப் பெட்டி அது. ஊசி பார்த்துப் பழகிய ஆள் வேண்டும் என்று சபை தேடியபோது, ஊரில் ஊசியைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். கொஞ்சம் இங்கிலீசும் தெரிந்ததால் ஊசி பிடிப்பவன், மொழிபெயர்ப்பாளன் என்று இரண்டு வேலையையும் என் தலையில் கட்டினார்கள்.

சபையின் தலைவர் பிராட்லி துரை. ஊசிக்கு முப்பதடிக்குள் வேறு இரும்பு இருக்கக்கூடாது என்பது அவருடைய முதல் விதி. அதில் நியாயம் உண்டு. பக்கத்தில் வேறு இரும்பு இருந்தால் ஊசி அதைப் பார்த்துத் திரும்பிவிடும். ஆனால் நியாயம் சபையின் கைக்கு வந்தால் குரங்கு கைப் பூமாலைதான். ஊசி ரயிலில் ஏறக்கூடாது, ரயில் இரும்பு. மாட்டு வண்டியிலும் ஏறக்கூடாது, சக்கரத்தில் இரும்புப் பட்டை. ஆகவே மூங்கில் பல்லக்கு, தூக்க நாலு பேர், மேலே குடை பிடிக்க ஒருவர். பின்னால் வந்த துரையின் குதிரைக்கு லாடத்தைக் கழற்றினார்கள். குதிரை இரண்டாம் மைலில் நொண்டியது. அன்று முதல் துரைக்கும் ஒரு பல்லக்கு.

மழையிலும் பனிமூட்டத்திலும் பெட்டியைத் திறந்தால் ஊசி துருப்பிடிக்கும் என்று இன்னொரு விதி. அப்புத்தளைப் பக்கம் மழையில்லாத நாளுக்கு எங்கே போவது? அதனால் பெட்டியைத் திறக்காமலே சோதிக்கும் முறை வந்தது. பூட்டிய பெட்டியை இரும்பின் ஓரமாக இரண்டு தடவை தூக்கிக்கொண்டு நடந்தால் முடிந்தது. பெட்டி எந்தப் பக்கமும் திரும்பியதாக ஒரு நாளும் செய்தி இல்லை.

ஏழாம் விதியையும் சொல்லிவிடுகிறேன். சபை ஒரு இரும்புக்கு நலச் சான்றிதழ் கொடுத்தால், மூன்று வருடத்துக்கு அந்த இரும்பில் பழுது இருக்க முடியாது. இருந்தால் சான்றிதழ் பொய்யாகும். சபை பொய்ச் சான்றிதழ் கொடுப்பதில்லை.

அப்புத்தளைக்கும் பூனாகலைக்கும் நடுவில் மொட்டப்பாறைத் தோட்டம். அங்கே ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் கூரைக்கடியில், தூண்களின் மேல் நெடுநீளத்துக்கு ஒரு இரும்புத் தண்டு ஓடியது. ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் தண்டைச் சுற்றும், தண்டிலிருந்து இறங்கும் தோல் வார்கள் கீழே உள்ள மெசின்களைச் சுற்றும். ஸ்டோரில் வேலை செய்பவர்களுக்கு அது பெரிய தண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் அழகையா என்ற தொழிலாளியை மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில் ஒரு வார் பிடித்து மேலே இழுத்துவிட்டது. தண்டு அவனோடு சேர்ந்து இறுகி நின்றது. சுற்றியிருந்த வாரை வெட்டித்தான் அவன் உடலை எடுத்தார்கள். மறுநாள் தண்டு மறுபடி ஓடியபோது, ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்றாம் தூணிலிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது. முன்பு இல்லாத சத்தம். டக். சற்று நேரம் கழித்து மறுபடியும் டக். விரலை மடக்கிக் கதவைத் தட்டுவது போல இருக்கும். அழகையா கூப்பிடுகிறான் என்றார்கள் பெண்கள்.

அடுத்த மாதமே நாங்கள் போய்ச் சான்றிதழ் கொடுத்தோம். அன்று மழை. பூட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான்தான். மூன்றாம் தூணைத் தாண்டும்போது அந்தச் சத்தம் என் தலைக்கு மேலே கேட்டது. நான் வேகமாக நடந்தேன்.

பிறகு ஒரு வருடம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில், தோட்டத்துத் துரையிடமிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் தூணுக்குக் கீழே தூள் சலிக்கும் பெண்கள் பயப்படுகிறார்கள், வேலை தாமதமாகிறது, தண்டுக்குள் பேய் இல்லை என்று சபை ஒரு சான்றிதழ் தந்தால் உதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார். பிராட்லி துரைக்கு முகமெல்லாம் மலர்ந்தது. இதுவரை வெடிப்பு இல்லை என்றுதான் சான்று கொடுத்திருந்தோம். பேய் இல்லை என்பது புதுத் துறை.

ஒன்றரை நாள் பல்லக்கில் போய் இறங்கியதும் ஸ்டோர் வாசலில் ஒருவன் என்னிடம் வந்தான். எண்ணெய்க் கறை படிந்த வேட்டி, இடது தோளில் ஒரு தழும்பு. தண்டுக்கு எண்ணெய் போடும் தம்பையா.

"ஊசிக்காரரு நீங்கதானுங்களா?"

"ஆமா."

"பேய் கீய் ஒண்ணுமில்லீங்க. தண்டுல கீறல் இருக்கு. எண்ணெ போடுறப்ப நகத்தால தடவிப் பாத்தேன், மாட்டுது. மூணாந் தூணுக்கிட்ட. அதுக்கு நேர் கீழதான் நம்ம சம்சாரம் ராசம்மா நிக்குது. நீங்க சொன்னா தொரை கேப்பாருங்க. தண்ட நிறுத்தச் சொல்லுங்க."

நான் பிராட்லி துரையிடம் சொன்னேன். அவர் தம்பையாவின் விரலை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த நகத்துக்குச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தண்டை நிறுத்தினார்கள். ஓயாமல் இரைந்துகொண்டிருந்த கட்டடம் திடீரென்று வாயை மூடியது. ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் மெதுவாக உள்ளே வரப் பார்த்தது. பெண்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சத்தம் இருந்தபோது வராத பயம் சத்தம் நின்றதும் வந்தது. நல்லவேளையாக மூட்டம் வாசலோடு கலைந்து வெயில் அடித்ததால், விதிப்படி பெட்டியைத் திறக்கலாம் என்று துரை உத்தரவு போட்டார்.

முதலில் இரும்பு களைதல். சாவி, கத்தி, பொத்தான் எல்லாம் வாசலுக்கு வெளியே ஒரு குவியலாகச் சேர்ந்தன. ஆனால் மூன்றாம் தூணடிப் பெண்கள் அசையவில்லை. ஒவ்வொருத்தியின் கொண்டையிலும் ஒரு இரும்பு ஆணி இருந்தது. இரும்பு இருந்தால் பேய் கிட்ட வராது என்பது அவர்கள் கண்ட பாதுகாப்பு. சபை கண்ட பாதுகாப்போ இரும்பே கூடாது என்பது. இரண்டும் அன்று நேருக்கு நேர் நின்றன.

"ஆணியை எடு" என்று நான் ராசம்மாவிடம் சொன்னேன். ஒல்லியான பெண். கண்ணை நேராகப் பார்த்துத்தான் பேசினாள்.

"தொரைக்கு ஊசி காவலு, எனக்கு ஆணி காவலு. அவரு ஊசியக் கீழ வைக்கட்டும், நானும் ஆணிய வைக்கிறேன்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆட்களை மேய்க்கும் கங்காணி ஓடி வந்தார். "ஏய், பெரட்டுல பேர வெட்டிருவேன், தெரியுமில்ல? நாளைக்குப் பேரு கூப்பிடுறப்ப ஒம் பேரு இருக்காது" என்று கத்தினார். அதற்கும் அவள் மசியவில்லை. கடைசியில் தம்பையாதான் அவளருகே போனான்.

"எடுத்துடு புள்ள. ஊசி உள்ளதச் சொல்லிரும். சொல்லிருச்சுன்னா நீ அந்தண்டையே போக வேணாம்."

அவள் ஆணியை உருவி அவன் கையில் கொடுத்தாள். மற்றப் பெண்களும் எடுத்தார்கள். எங்கள் சபையை மனதார நம்பிய ஒரே மனிதன் அந்த மாகாணத்தில் தம்பையாதான்.

நான் ஏணியில் ஏறி ஊசியைத் தண்டின் ஓரமாக நகர்த்தினேன். முதல் தூண், அமைதி. இரண்டாம் தூண், அமைதி. மூன்றாம் தூண் வந்தது. ஊசி நடுங்கியது, பிறகு யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி சட்டென்று திரும்பியது.

"அழகையா வந்துட்டாரு!" என்று கீழே ஒருத்தி அலறினாள்.

"நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" என்றான் தம்பையா. சந்தோசத்தில் அவன் குரல் உடைந்தது.

பிராட்லி துரை அசையவில்லை. "யாரிடமோ இரும்பு இருக்கிறது, தேடுங்கள்" என்றார். தேடினார்கள். பெண்களின் கொண்டையை அவிழ்த்தார்கள், வெற்றிலைப் பையைக் கொட்டினார்கள். மறுபடி ஏறினேன், மறுபடி திரும்பியது. எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். மூன்றாம் முறையும் அதே இடத்தில் திரும்பியது. வெடிப்புதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. துரைக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஊசி பொய் சொல்லாது. சபையும் பொய் சொல்லாது. இந்தத் தண்டு நலம் என்று சபை சொல்லி ஒரு வருடம்தான் ஆகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு இதில் வெடிப்பு இருக்க வழியில்லை. ஆகவே ஊசி வெடிப்பைப் பார்க்கவில்லை, வேறு எதையோ பார்க்கிறது. அந்த வேறு எதையோ கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் நமக்குச் சம்பளம் தருகிறது."

ஆட்களை ஒவ்வொருவராக ஊசிக்கு முன்னால் நிறுத்தினோம். கங்காணி, அமைதி. ராசம்மா, அமைதி. தம்பையாவின் இடது தோளருகே வந்தபோது ஊசி திரும்பியது.

அழகையாவை வார் இழுத்த அன்று, அவனுடைய காலைப் பிடித்துக் கீழே இழுக்கப் பார்த்தவன் தம்பையா. வார் அறுந்தபோது அதன் இரும்புக் கொக்கி தெறித்து அவன் தோளுக்குள் போய்விட்டது. வெளியே தெரிந்த பாதியைத்தான் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மீதி தோலுக்கடியில் புளியங்கொட்டை அளவுக்குத் தட்டுப்பட்டது.

"கிடைத்துவிட்டது" என்றார் பிராட்லி துரை. தோட்டத்துத் துரை கைதட்டினார்.

நான் மெதுவாகச் சொன்னேன். "துரை, இவன் வெளியே கொழுந்துக் கூடைப் பக்கம் நின்றபோதும் ஊசி தூணில் திரும்பியதே?"

"இளைஞனே, இவன் ஒரு வருடமாகத் தினமும் அந்த இடத்தில் ஏறி எண்ணெய் போட்டிருக்கிறான். இவன் பழுது இரும்பில் தொற்றியிருக்கிறது. இவனை விலக்கிவிட்டால் இரும்பு ஆறு மாதத்தில் குணமாகும்."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். கேட்டவன் நான். மதி சம்பளத்தோடு போயிற்று. அந்தச் சான்றிதழை என் கையாலேயே தமிழில் எழுதினேன். தண்டு: நலம். பேய்: இல்லை. தம்பையா: பழுது.

அவனை ஸ்டோரிலிருந்து நீக்கிப் புல்லுவெட்டும் ஆட்களோடு மலைக்கு அனுப்பினார்கள். எண்ணெய் போடப் புது ஆள் வந்தான். பெண்கள் இனி இரும்போடு ஸ்டோருக்குள் நுழையக்கூடாது என்று வாசலில் பலகை மாட்டினார்கள். நாங்கள் பல்லக்கில் ஏறினோம். பின்னால் தண்டு மறுபடி சுற்றத் தொடங்கியது. டக். பாதை திரும்பும் வரை எனக்கு அது கேட்டுக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் காலையில் தம்பையா பதுளைக்கு நடந்தே வந்துவிட்டான். முந்தின நாளே கிளம்பியிருக்கிறான். கால் வீங்கியிருந்தது. கையில் ஒரு மனு.

"சத்தம் சாஸ்தியாயிருச்சுங்க. இப்ப ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ அடிக்குது. நான் பழுதாவே இருந்துட்டுப் போறேன், அதப் பத்தி ஒண்ணுமில்ல. அவள மட்டும் வேற எடத்துக்கு மாத்தச் சொல்லுங்க. வேலைக்கிப் போகாதன்னு சொன்னா, தோட்டம் குடுத்த லயத்து வீட்ட விட்டுத் தொரத்திருவாங்க, எங்க போறதுன்னு கேக்குது. 'ஆணியும் இல்லாம, நீயும் இல்லாம அங்கன நிக்கச் சொல்றாங்க'ன்னு அழுவுது."

மனுவை உள்ளே கொண்டுபோனேன். பிராட்லி துரை பெயரைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "சபை நலமான பொருள்களைப் பற்றித்தான் மனு வாங்கும். இவன் பழுது என்று சபையே பதிந்திருக்கிறது. பழுதான ஒன்று கொடுக்கும் தகவல் நலமானதாக இருக்குமா?"

நான் வெளியே வந்தேன். அந்த இடத்தில் நான் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். வேலையை உதறியிருக்கலாம். தோட்டத்துத் துரைக்கு என் பெயரில் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். ஊசி மூன்று முறை திரும்பியதைப் பார்த்த கண் என்னுடையது. ஆனால் எனக்கு அந்த மாதம்தான் சம்பள உயர்வு என்று பேச்சு. "அடுத்த மாசம் வாங்க, பாக்கலாம்" என்றேன்.

"அடுத்த மாசமா?" என்று கேட்டான். என்னைத் திட்டவில்லை. மனுவை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தான். வாப்பா அவனைக் கடையில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாராம். "அந்த மனிசன்ட கண்ணப் பாத்தியா மகன்? நீ என்ன வேல செய்றா அங்க?" என்று கேட்டார்.

பதினொரு நாள் கழித்து, காலை பத்து மணிக்குத் தண்டு மூன்றாம் தூணருகே இரண்டாக முறிந்தது. மற்றப் பெண்கள் சத்தம் மாறியதைக் கேட்டு ஓடிவிட்டார்கள். ராசம்மாவும் ஓடி வந்தவள்தான். சல்லடை மெசினின் அடியில் குந்தியிருந்த இன்னொருத்தியைப் பிடித்து வெளியே தள்ளத் திரும்பினாள். அவளைத் தள்ளிவிட்டாள். தண்டு ராசம்மாவின் மேல் விழுந்தது.

சபை சோதிக்கும்வரை உடைந்த இரும்பையும் அதைச் சேர்ந்த எதையும் அசைக்கக்கூடாது என்பது விதி. தந்தி அப்புத்தளையிலிருந்து ஒரு நிமிடத்தில் வந்தது. ஊசி ஒன்றரை நாளில் போய்ச் சேர்ந்தது. அந்த ஒன்றரை நாளும் ராசம்மா தண்டின் கீழேயே கிடந்தாள். அவளைச் சுற்றி முப்பதடியில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே தம்பையா நின்றான். உட்காரச் சொன்னார்களாம், அவன் உட்காரவில்லையாம்.

சக்கரம் நின்றிருந்தது, தண்டு இரண்டு துண்டாகக் கிடந்தது. ஆனாலும் டக் டக் என்று கேட்பதாகக் கங்காணியே சொன்னார். அவர் சொல்லுமுன்பே எனக்கும் கேட்டது. அன்று நல்ல வெயில். பெட்டியைத் திறந்தோம்.

முதல் துண்டின் நெடுக ஊசியைக் கொண்டுபோனேன், அமைதி. இரண்டாவது துண்டும் அப்படியே. வெடிப்பு முழுவதும் வெளியே வந்துவிட்டதால் உள்ளே பார்க்க அதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

பிராட்லி துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "இறந்தவளுக்காக வருந்துகிறோம். அதேசமயம் இரண்டு துண்டும் நலமாக இருப்பதைச் சபை கவனிக்கிறது. ஒரு தண்டுக்கு நாம் கொடுத்த சான்றிதழை இன்று இரண்டு தண்டுகள் உறுதி செய்கின்றன."

தம்பையா கோட்டருகே வந்தான். "முடிஞ்சிருச்சுங்களா? நான் போயித் தூக்கலாமுங்களா?"

கேட்டுச் சொன்னேன். ஊசி பெட்டிக்கு வெளியே இருக்கும்வரை இரும்புள்ளவன் கோட்டைத் தாண்டக்கூடாது என்றார் துரை. அறிக்கை மூன்று பிரதி எழுதி முத்திரை காய்ந்த பிறகுதான் பெட்டியை மூடுவார்கள். வேறு ஆட்கள் தூக்கலாம் என்றார். ஆட்கள் நகர்ந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றான் தம்பையா.

வாசலில் கழற்றிப் போட்ட இரும்புக் குவியலுக்குப் போனான். அதிலிருந்து ஒரு கவ்வாத்துக் கத்தியை எடுத்தான். தேயிலைச் செடியை வெட்டுகிற வளைந்த கத்தி. என்ன செய்கிறான் என்று எங்களுக்குப் புரியுமுன்பே தோள்தழும்பில் அதை இறக்கினான். அவன் கத்தவில்லை. கத்தியவர்கள் நாங்கள். விரலை உள்ளே விட்டு நெம்பி, கறுத்துப்போன ஒரு துண்டை எடுத்து, கத்தியோடு சேர்த்துக் குவியலில் போட்டான். இரத்தம் முழங்கை வழியாகச் சொட்ட, கோட்டருகே வந்து நின்றான்.

"இரும்ப எடுத்துட்டேனுங்க. இப்பப் போகலாமுங்களா?"

இதை மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை. பிராட்லி துரையின் முகம் வெளுத்தது. மனிதன் என்ற முறையில் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "சோதி" என்றார்.

ஊசியை எடுத்துக்கொண்டு போய் அவன் தோளருகே பிடித்தேன். ஊசி எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"நலம்" என்றார் துரை. "உடனே சான்றிதழ் எழுது. அவன் கையில் கொடுத்த பிறகு தாண்டட்டும்."

எழுதினேன். தம்பையா, நலம். மை காயுமுன்னே தலை நிமிர்ந்தபோது அவன் கோட்டுக்கு வெளியே இல்லை. கங்காணியும் ஆட்களும் தண்டைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் தாளை நீட்டிக்கொண்டு அவன் எதிரே போனேன். அவன் அதை வாங்கவில்லை. இரண்டு கையிலும் ராசம்மா இருந்தாள்.